குண்டு விழுந்த தேவாலயத்தில் ஒரு ஜெர்மன் இசைக்குழு!

லண்டனின் யூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கோவென்ட்ரி வந்துவிடும். ஊரின் நடுவே உயரமான ஒரு கோபுரம். அதன் அடியில் செந்நிறக் கல்லாலான பெரிய சுவர்கள், ஜன்னல் வளைவுகள். ஆனால் ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. அண்ணாந்து பார்த்தால் கூரையும் இல்லை. வானம்தான் தெரிகிறது. மழை பெய்தால் தேவாலயத்துக்குள்ளேயே நனையலாம்.

1940 நவம்பர் 14-ம் தேதி இரவு, 500-க்கும் மேற்பட்ட ஜெர்மன் விமானங்கள் இந்த ஊரின் மீது குண்டு வீசின. மாலையில் தொடங்கிய தாக்குதல் விடியும்வரை ஓயவில்லை. 500-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பல நூற்றாண்டுகள் பழைமையான செயின்ட் மைக்கேல் பேராலயம் எரிந்து, சுவர்களும் கோபுரமும் மட்டும் மிஞ்சின. அந்தத் தாக்குதலுக்கு ஜெர்மானியர்கள் வைத்த ரகசியப் பெயர் என்ன தெரியுமா? ‘மூன்லைட் சொனாட்டா.’ பீத்தோவன் பியானோவுக்காக எழுதிய புகழ்பெற்ற படைப்பின் பெயர்!

இசையின் பெயரைச் சூட்டிக்கொண்டு குண்டுகள் வந்தன. 35 ஆண்டுகள் கழித்து, 1975 அக்டோபரில், அதே ஊருக்கு மூன்று ஜெர்மன் இளைஞர்கள் வந்தார்கள். இந்த முறை வந்தது நிஜமாகவே இசை. இடிந்த சுவர்களை ஒட்டிக் கட்டிய புதிய பேராலயத்தில், இருட்டில், பாட்டு இல்லாமல், டிரம்ஸ் இல்லாமல், மின்சாரப் பெட்டிகளின் முன் உட்கார்ந்து அவர்கள் வாசித்தார்கள்.

அந்தக் குழுவின் பெயர் டேஞ்சரின் ட்ரீம். அவர்களை அந்த மேடைவரை கொண்டுவந்தது ‘ஃபீட்ரா’ என்ற ஆல்பம். சொந்த நாட்டில் பெரிதாக யாரும் சீண்டாத ஆல்பம் அது. விமர்சகர்கள் சிலர் கேலி செய்தார்கள். ஆனால் கேட்க வேண்டியவர்கள் கேட்டார்கள். அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள பெர்லின், ஆக்ஸ்ஃபோர்டு, ரீம்ஸ் என்று மூன்று ஊர்களைச் சுற்றிவிட்டுத்தான் மறுபடி கோவென்ட்ரிக்கு வர வேண்டும்.

பெர்லின்: கறுப்பு அறை, வெள்ளை அறை

பெர்லினின் க்ராய்ட்ஸ்பெர்க் பகுதியில் லாண்ட்வேர் கால்வாய் அமைதியாக ஓடுகிறது. அதன் கரையில் ஹாலெஷஸ் ஊஃபர் என்ற சாலை. அங்கே இருக்கும் நாடக அரங்கில் இன்றும் நாடகங்கள் நடக்கின்றன. 1968-ல் இதே கட்டடத்தில் ‘சோடியாக்’ என்ற பெயரில் ஓர் இசைக்கூடம் தொடங்கினார்கள். ஓர் அறை முழுக்கக் கறுப்பு வண்ணம், இன்னோர் அறை முழுக்க வெள்ளை. யார் வேண்டுமானாலும் வரலாம், எந்தக் கருவியில் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம். சில மாதங்கள்தான் அது உயிரோடு இருந்தது. ஆனால் ஜெர்மன் மின்னணு இசையின் பெரிய பெயர்கள் பலவும் அந்த வாசலைத் தாண்டி வந்தவைதான்.

அப்போது பெர்லின் இரண்டாகப் பிளந்து கிடந்தது. மேற்கு பெர்லினைச் சுற்றிலும் சுவர். அங்கே வசித்த இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை கிடையாது. அதனால் ஓவியர்கள், மாணவர்கள், பாடகர்கள் என்று மேற்கு ஜெர்மனியின் மற்ற ஊர்களிலிருந்து பலர் அங்கே வந்து குவிந்தார்கள். அந்தத் தலைமுறைக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. அப்பா, தாத்தா காலத்து ஜெர்மன் பாடல்களைக் கேட்டால் நாஜிகளின் நினைவு வருகிறது. ரேடியோவைத் திறந்தால் அமெரிக்க, ஆங்கிலப் பாடல்கள். இரண்டும் நம்முடையது இல்லை என்றால், நம்முடைய இசை எது?

அப்படித் தேடியவர்களில் ஒருவர் எட்கர் ஃப்ரோஸே. கலைக்கல்லூரியில் படித்தவர், கிதார் வாசித்தவர். 1944 ஜூன் 6 அன்று, நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய அதே நாளில் பிறந்தவர். பிறந்த ஊர் டில்ஸிட். இன்று அது ரஷ்யாவில் இருக்கிறது. அவருடைய தந்தை உட்படக் குடும்பத்தினர் சிலர் நாஜிகளால் கொல்லப்பட்டதாக அவரது வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. போருக்குப் பின் மிஞ்சிய குடும்பம் மேற்கு பெர்லினில் குடியேறியது.

அவர் தொடங்கிய குழுதான் டேஞ்சரின் ட்ரீம். 1970-லிருந்து 1973 வரை நான்கு ஆல்பங்கள், ‘ஓர்’ என்ற ஜெர்மன் நிறுவனத்தின் வெளியீடாக வந்தன. ‘ஓர்’ என்றால் ஜெர்மன் மொழியில் காது. வானம், நட்சத்திரம், காலம் என்று பெயர்களிலேயே விண்வெளி வாசம் வீசும் இசை. ஜெர்மனியில் அதைக் ‘காஸ்மிஷே மியூசிக்’, அதாவது பிரபஞ்ச இசை என்றார்கள். பிரிட்டிஷ் பத்திரிகைகளோ ஜெர்மன் ராக் இசை மொத்தத்துக்கும் ‘க்ரௌட்ராக்’ என்று பெயர் சூட்டின. ‘க்ரௌட்’ என்றால் முட்டைக்கோஸ் ஊறுகாய். போர்க்காலத்தில் ஜெர்மானியரைத் திட்ட ஆங்கிலேயர் பயன்படுத்திய சொல் அது. ஆக, இசையைக் கேட்பதற்கு முன்பே பெயரில் ஒரு குத்தல் இருந்தது!

ஆனால் அதே பிரிட்டனில் ஒருவர் மட்டும் காதைத் திறந்து வைத்திருந்தார். பி.பி.சி வானொலியில் இரவு நேர நிகழ்ச்சி நடத்திய ஜான் பீல். யாருக்கும் தெரியாத குழுக்களைத் தேடிப் பிடித்து ஒலிபரப்புவது அவர் வழக்கம். டேஞ்சரின் ட்ரீமின் நான்காவது ஆல்பமான ‘ஆட்டெம்’, 1973-ன் சிறந்த ஆல்பம் என்று அவர் அறிவித்தார். இங்கிலாந்தில் இந்தக் குழுவின் இசைத்தட்டுகளைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அப்போதுதான் தொடங்கியிருந்த வர்ஜின் நிறுவனம் அதைக் கவனித்தது. ரிச்சர்ட் பிரான்சன் குழுவை ஒப்பந்தம் செய்து, இங்கிலாந்துக்கு வரச் சொன்னார்.

ஷிப்டன்: சொன்ன பேச்சு கேட்காத இயந்திரங்கள்

பல்கலைக்கழகத்துக்குப் பெயர்போன ஆக்ஸ்ஃபோர்டு நகரிலிருந்து வடக்கே சில மைல் போனால் ஷிப்டன் ஆன் சார்வெல் என்ற சின்னக் கிராமம். பக்கத்தில் சார்வெல் ஆறு, ஒரு கால்வாய், கால்வாயைப் பார்த்தபடி மேட்டில் ஒரு தேவாலயம். இங்கே இருந்த பழைய மாளிகை ஒன்றை 1971-ல் பிரான்சன் வாங்கி, இசைப்பதிவுக் கூடமாக மாற்றினார். பெயர் ‘தி மேனர்’. இசைக்கலைஞர்கள் அங்கேயே தங்கி, சாப்பிட்டு, தூங்கி, இரவு பகல் பாராமல் ஒலிப்பதிவு செய்யலாம்.

1973 இறுதியில் மூன்று ஜெர்மானியர்கள் அங்கே வந்து இறங்கினார்கள். ஃப்ரோஸேவுக்கு வயது 29. கிறிஸ்டோபர் ஃப்ராங்கே, பீட்டர் பவுமன் இருவருக்கும் வெறும் 20. கூடவே வந்தது ‘மோக்’ என்ற பெரிய சிந்தசைசர். இன்று கைப்பேசிக்குள் அடங்கிவிடும் சிந்தசைசரை மனதில் வைத்துக்கொண்டு இதைக் கற்பனை செய்யாதீர்கள். அது அலமாரி அளவு இருக்கும். முகப்பு முழுக்கத் திருகுகள், துளைகள், ஒரு துளையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும் வயர்கள்.

அதில் ‘சீக்வென்சர்’ என்று ஒரு பகுதி. வரிசையாகச் சில திருகுகள். ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரம். எந்த ஸ்வரம் வேண்டுமோ அதற்கேற்பத் திருகி வைத்துவிட்டால், இயந்திரம் அந்த வரிசையைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கும். மனிதர் செய்ய வேண்டியது, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு திருகைக் கொஞ்சம் கூட்டுவது, இன்னொன்றைக் குறைப்பது. அதே வரிசை மெல்ல மெல்ல வேறு முகம் காட்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்தக் கால இயந்திரம் சொன்ன பேச்சு கேட்காது. ஸ்வரத்தின் உயரத்தை மின்னழுத்தம்தான் தீர்மானிக்கிறது. அறை சூடானால், கருவி சூடானால், ஸ்வரம் நழுவும். வெயிலிலும் ஈரக்காற்றிலும் மிருதங்கத்தின் சுருதி மாறிவிடுமே, கிட்டத்தட்ட அப்படி. செய்து வைத்த அமைப்பைச் சேமித்து வைக்கும் வசதியும் கிடையாது. தினமும் பல மணி நேரம் சுருதி சேர்ப்பதிலேயே போனது. ஒலிப்பதிவு இயந்திரம் பழுதானது. மிக்ஸிங் பலகை மக்கர் செய்தது. கனத்த கீழ்ஸ்தாயி ஒலிகளைத் தாங்க முடியாமல் ஸ்பீக்கர்கள் சேதமாயின. காலையிலிருந்து நள்ளிரவு தாண்டியும் உழைத்து, பத்து நாளுக்கு மேல் ஆன பிறகும் கையில் இருந்தது சில நிமிட இசைதான் என்று ஃப்ரோஸே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஆனால் அதே கோளாறுதான் ஆல்பத்தின் அழகாகவும் ஆனது. முதல் பக்கம் முழுவதையும் நிறைக்கும் ‘ஃபீட்ரா’ என்ற தலைப்பு இசை 17 நிமிடங்களுக்கும் மேல் ஓடுகிறது. உள்ளே அடிநாதம்போல் துடிக்கும் சீக்வென்சர், போகப் போக மெல்லச் சுருதி நழுவுவதைக் கவனித்துக் கேட்டால் உணரலாம். சூடேறிய இயந்திரம் தானாகச் செய்தது அது. அதை அழித்துவிட்டுத் திரும்பப் பதியவில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள்.

இரண்டாம் பக்கத்தின் முதல் இசைக்கு இன்னொரு கதை. நாள் முழுக்க வேலை பார்த்துக் களைத்து ஃப்ராங்கேவும் பவுமனும் தூங்கப் போய்விட்டார்கள். ஃப்ரோஸே மட்டும் மெலோட்ரான் முன் உட்கார்ந்தார். அது ஒரு விசித்திரமான கருவி. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு ஒலிநாடா. கட்டையை அழுத்தினால், எப்போதோ எங்கோ வாசித்துப் பதிந்து வைத்த வயலின் ஒலி சில நொடிகள் கேட்கும். அவர் வாசிக்க, அவர் மனைவி மோனிகா ஒலியைச் சுழலவைக்கும் கருவியின் திருகுகளைத் திருப்ப, ஒரே மூச்சில் பதிவாகி, அதுவே ஆல்பத்தில் இடம்பெற்றது. ஆல்பத்தின் அட்டை ஓவியமும் ஃப்ரோஸே வரைந்ததுதான்.

தலைப்பு கிரேக்கப் புராணத்திலிருந்து வந்தது. ஃபீட்ரா, தன் கணவனின் மகனையே காதலித்துத் துயரத்தில் முடிந்த அரசி. இசையில் கதை சொல்லும் வரி ஒன்றுகூடக் கிடையாது. கேட்பவர்தான் கதையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

தி மேனர் கூடம் 1995-ல் மூடப்பட்டுவிட்டது. இன்று ஷிப்டனுக்குப் போகிறவர்களுக்கு ஆறும், கால்வாயும், மேட்டுத் தேவாலயமும்தான் மிச்சம்.

கடைகளில் ஒரு தீர்ப்பு, பத்திரிகைகளில் ஒரு தீர்ப்பு

1974 பிப்ரவரியில் ‘ஃபீட்ரா’ வெளிவந்தது. பெரிய விளம்பரம் இல்லை. ஜான் பீலைத் தவிர வானொலியில் ஒலிபரப்ப ஆள் இல்லை. 17 நிமிடப் பாட்டில்லா இசையை எந்த நிகழ்ச்சியில் போடுவது? அப்படியும் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 15-வது இடம்வரை ஏறியது. ஒருவர் வாங்கி, நண்பருக்குப் போட்டுக் காட்டி, அவர் வாங்கி... வாய்வழியாகவே பரவியது.

அதே நேரம் ஜெர்மனியில்? 6,000 பிரதிகள் விற்பதே பெரும்பாடாக இருந்ததாக ஃப்ரோஸே வருத்தத்துடன் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலிலும் 196-வது இடம்தான் கிடைத்தது. ஒரே இசைத்தட்டு, மூன்று நாடுகள், மூன்று விதமான வரவேற்பு!

பத்திரிகை விமர்சகர்களுக்கோ இது தலைவலியாக இருந்தது. ராக் விமர்சனம் எழுதுகிறவர்களுக்குப் பழக்கமான அளவுகோல்கள் எதுவும் இங்கே செல்லாது. பாடகர் எப்படிப் பாடினார்? பாடகரே இல்லை. பாடல் வரிகள்? கிடையாது. கிதார் தனி ஆவர்த்தனம்? அதுவும் இல்லை. மேடையில் துள்ளிக் குதிக்கிறார்களா? மூன்று பேரும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஊழியர்கள்போல் பெட்டிகளுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இயந்திரம்தானே வாசிக்கிறது, இதில் மனிதருக்கு என்ன வேலை என்பதுதான் அடிக்கடி எழுந்த குற்றச்சாட்டு.

அமெரிக்காவில் இதன் உச்சம் 1977-ல் வந்தது. லெஸ்டர் பேங்ஸ் அந்தக் காலத்தின் மிகப் பிரபலமான ராக் விமர்சகர். நியூயார்க்கில் டேஞ்சரின் ட்ரீம் கச்சேரிக்குப் போய்விட்டு வந்து, ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் நையாண்டி சொட்டச் சொட்ட ஒரு கட்டுரை எழுதினார். இருமல் மருந்தைக் குடித்துவிட்டு அரங்குக்குப் போனதாக அவரே அதில் ஒப்புக்கொள்கிறார்! அந்தக் கட்டுரையை இன்றும் ரசித்துப் படிக்கிறார்கள். ஆனால் அதை இசையைப் பற்றிய நியாயமான தீர்ப்பு என்று எடுத்துக்கொள்வது கடினம்.

இத்தனைக்கும் மனிதர்களுக்கு வேலை இல்லாத இசை அல்ல இது. ஷிப்டனில் நடந்ததைப் பாருங்கள். நழுவும் சுருதியோடு மல்லுக்கட்டியது மனிதர்கள். எந்தப் பிழையை அழிப்பது, எதை விட்டுவைப்பது என்று முடிவெடுத்தது மனிதர்கள். மேடையில் குதிக்காததால் அந்த உழைப்பு கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கண்ணால் பார்க்கப் போனவர்கள் ஏமாந்தார்கள். காதால் கேட்கப் போனவர்கள் நிறைந்து திரும்பினார்கள்.

அப்படிக் கேட்பதற்கு ஏற்ற இடம் எது? பீர் மணக்கும் ராக் அரங்குகள் அல்ல. உயரமான கூரை, கல் சுவர், ஒரு சிறு ஒலியைக்கூட நொடிக்கணக்கில் ஏந்தி நிற்கும் வெளி. அதாவது, பேராலயங்கள். ஆல்பம் வந்த ஆண்டின் இறுதியிலேயே அந்த எண்ணம் நிறைவேறியது. இடம் பிரான்ஸ்.

ரீம்ஸ்: சிரிக்கும் தேவதையின் வாசலில்

பாரிஸின் கார் டு லெஸ்ட் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் சுமார் 45 நிமிடம். ஷாம்பெயின் விளையும் பூமியின் நடுவே ரீம்ஸ் நகரம். பிரெஞ்சு மன்னர்கள் தலைமுறை தலைமுறையாக முடிசூடிய நோத்ர் டாம் பேராலயம் இங்கேதான் இருக்கிறது. முகப்பில் ஏராளமான சிலைகள். வாசலில் ஒரு தேவதை, தலையைச் சற்றே சாய்த்துப் புன்னகைக்கிறது.

அந்தத் தேவதையின் தலை ஒருமுறை உடைந்து விழுந்தது. முதல் உலகப்போர் தொடங்கிய சில வாரங்களில், 1914 செப்டம்பர் 19 அன்று, ஜெர்மன் பீரங்கிக் குண்டுகள் பேராலயத்தைத் தாக்கின. சுவரைச் சுற்றிக் கட்டியிருந்த மரச்சாரம் தீப்பிடித்தது. கூரை எரிந்தது, கூரையிலிருந்த ஈயம் உருகி ஓடியது. சிதைந்த பேராலயம் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட 1938 ஆகிவிட்டது. தேவதையின் தலையை ஒட்டவைத்தார்கள். இன்றும் அதன் புன்னகையைப் பார்க்கத்தான் பயணிகள் முதலில் அந்த வாசலுக்கு ஓடுகிறார்கள்.

1962 ஜூலை 8 அன்று பிரெஞ்சு அதிபர் டி கோலும் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் அடினாவரும் இங்கே ஒன்றாக வந்து, ஒரே திருப்பலியில் கலந்துகொண்டார்கள். இனி நமக்குள் பகை இல்லை என்று இரு நாடுகளும் சொன்ன தருணம் அது. அதை நினைவூட்டும் கல்வெட்டு பேராலயத்தின் முன் தரையிலேயே பதிக்கப்பட்டிருக்கிறது.

இந்தப் பின்னணியில்தான் 1974 டிசம்பர் 13 அன்று டேஞ்சரின் ட்ரீம் இங்கே வாசித்தது. அதே ஆண்டுதான் ஓவியர் மார்க் ஷகாலின் நீல வண்ணக் கண்ணாடி ஜன்னல்களும் இந்தப் பேராலயத்துக்கு வந்திருந்தன. கச்சேரியில் ஜெர்மன் பாடகி நீக்கோவும் பங்கேற்றார். இருள், குளிர், மெழுகுவர்த்தி வாசம், கல் தூண்களுக்கு நடுவே மிதக்கும் ஒலி... இசை என்னவோ அந்த இடத்துக்காகவே பிறந்ததுபோல் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் ஏற்பாடு சொதப்பியது. இடம் கொள்ளாத அளவுக்கு ஆயிரக்கணக்கானோர் உள்ளே வந்துவிட்டார்கள். நெரிசலில் வெளியே போக வழி இல்லை, கழிப்பறை வசதியும் இல்லை. சிலர் தூண் மறைவிலேயே சிறுநீர் கழித்தார்கள். மறுநாள் ஊர் கொதித்தது. மன்னர்கள் முடிசூடிய புனித இடத்தில் இப்படியா என்று கண்டனங்கள். பேராலயத்தைப் புனிதப்படுத்தும் சடங்கு செய்ய வேண்டியிருந்தது. போப்பாண்டவரே இந்தக் குழுவுக்குத் தடை போட்டார் என்ற கதை இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது.

நடந்த தவறில் இசைக்குப் பங்கில்லை. ஆனால் கெட்ட பெயர் என்னவோ இசைக்குழுவுக்குத்தான். ஜெர்மானியர்கள் மறுபடியும் ரீம்ஸ் பேராலயத்தை அசிங்கப்படுத்திவிட்டார்கள் என்று ஒருவர் நினைத்திருந்தால்கூட, அந்தப் பழைய காயம் எவ்வளவு எளிதாகத் திரும்பத் திறந்திருக்கும்! கதை அத்தோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் பேராலயங்கள் இந்தக் குழுவுக்குக் கதவைத் திறந்தன. 1975 அக்டோபரில் மூன்று இடங்கள்: லிவர்பூல், யார்க். அவற்றுக்கெல்லாம் முதலில், கோவென்ட்ரி.

கோவென்ட்ரி: ‘தந்தையே, மன்னியும்’

மறுபடி அந்தக் கூரையில்லாத சுவர்களுக்கு வருவோம். குண்டு விழுந்த பின், தரையில் கிடந்த எரிந்த உத்தரங்களில் இரண்டு சிலுவைபோல் தெரிந்தன. ஒரு கல்தச்சர் அவற்றைச் சேர்த்துக் கட்டி நிறுத்தினார். கூரையிலிருந்து விழுந்த பழைய ஆணிகளால் இன்னொரு சிலுவை செய்தார்கள். பேராலயத்தின் தலைமைக் குருவான ரிச்சர்ட் ஹோவர்ட், பலிபீடத்துக்குப் பின்னால் இருந்த சுவரில் இரண்டே சொற்களைப் பொறிக்கச் செய்தார்: ‘தந்தையே, மன்னியும்.’ யாரை மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை. ‘அவர்களை’ என்று போடாமல் விட்டதில் எல்லோரும் அடக்கம்.

இடிபாடுகளை அகற்றாமல் அப்படியே வைத்துவிட்டு, பக்கத்திலேயே புதிய பேராலயம் கட்டினார்கள். பேசில் ஸ்பென்ஸ் வடிவமைத்த அது 1962 மே 25 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே தேவதைகளும் புனிதர்களும் செதுக்கிய மாபெரும் கண்ணாடிச் சுவர். உள்ளே நின்று திரும்பிப் பார்த்தால், அந்தக் கண்ணாடி வழியே பழைய இடிபாடு தெரியும். கட்டுமானப் பணியின்போது ஜெர்மனியிலிருந்து இளைஞர்கள் வந்து, இடிபாடுகளுக்குள் இருந்த அறைகளைச் சீரமைத்துக் கொடுத்தார்கள். திறப்பு விழாவுக்காக ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் எழுதிய ‘வார் ரெக்வியம்’ அரங்கேறியபோது, பாடியவர்களில் ஒருவர் ஜெர்மானியரான டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்காவ்.

அந்த வழக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் 1975-ல் ஃப்ரோஸேவும் ஃப்ராங்கேவும் பவுமனும் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். போர் முடிந்து 30 ஆண்டுகள். கேட்க வந்தவர்களில் பெரும்பாலோர் போரைப் பார்க்காத இளைஞர்கள். ஆனால் குண்டு விழுந்த இரவில் குழந்தையாக இருந்தவர்கள் அப்போது நாற்பதுகளில் அந்த ஊரிலேயே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஜெர்மன் இயந்திரங்களின் உறுமல் இருட்டில் கேட்டால், அந்த ஊருக்கு அது வெறும் இசை அல்ல.

ரீம்ஸில் நடந்ததுபோல் இங்கே எதுவும் நடக்கவில்லை. இயக்குநர் டோனி பால்மர் அந்த நிகழ்ச்சியைப் படமாக்கினார். அசல் ஒலிப்பதிவு கிடைக்காமல் போனதால், பின்னாளில் அந்தப் படத்துக்கு அதே ஆண்டு வந்த ‘ரிக்கோஷே’ ஆல்பத்தின் இசையைச் சேர்த்து வெளியிட்டார்கள். படத்தில் தெரிவது இதுதான்: இருட்டு, மினுக்கும் சிறு விளக்குகள், வயர்களுக்கு நடுவே குனிந்த மூன்று தலைகள். பின்னால் அந்தப் பேராலயம்.

‘ஃபீட்ரா’வுக்கு எழுதப்பட்ட எல்லா விமர்சனங்களையும் ஒரு தட்டிலும், கோவென்ட்ரி அந்த மூவருக்கும் கதவைத் திறந்துவிட்டதை மறு தட்டிலும் வைத்துப் பாருங்கள். எது கனமானது என்று சொல்லவே தேவையில்லை.

காலம் எழுதிய விமர்சனம்

பத்திரிகைகளின் தீர்ப்பும் காலப்போக்கில் மாறியது. கேலி செய்யப்பட்ட அதே ஆல்பத்தை, மின்னணு இசை வரலாற்றின் மிக முக்கியமான படைப்புகளில் ஒன்று என்று இன்று ‘ஆல்மியூசிக்’ கொண்டாடுகிறது. ‘எக்ஸார்சிஸ்ட்’ இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் தன் ‘சார்சரர்’ படத்துக்கு இந்தக் குழுவையே இசையமைக்க வைத்தார். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் தொடக்க இசை நினைவிருக்கிறதா? அதன் பூர்வீகம் இந்தப் பக்கம்தான். நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘பேண்டர்ஸ்நாட்ச்’ படத்தில், நாயகன் கடைக்குள் போய்த் தேர்ந்தெடுக்கக்கூடிய இசைத்தட்டுகளில் ஒன்று ‘ஃபீட்ரா’.

எட்கர் ஃப்ரோஸே 2015 ஜனவரியில் வியன்னாவில் காலமானார். அவர் தொடங்கிய குழு இளைய கலைஞர்களுடன் இன்றும் வாசித்துக்கொண்டிருக்கிறது.

பெர்லினில், பிரிட்டிஷ் விமானங்களின் குண்டுவீச்சில் இடிந்த கைசர் வில்ஹெல்ம் தேவாலயம் இருக்கிறது. உடைந்த கோபுரத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் அதைச் செல்லமாகச் ‘சொத்தைப் பல்’ என்பார்கள். உள்ளே ஆணிகளால் செய்த ஒரு சிலுவை. கோவென்ட்ரி கொடுத்தது. இரண்டு ஊர்களும் ஒன்றை ஒன்று குண்டுவீசி உடைத்தன. பின்பு ஒன்றுக்கு ஒன்று ஆணிச் சிலுவையும் இசையும் கொடுத்துக்கொண்டன.

ரீம்ஸும் சும்மா இருக்கவில்லை. பேராலயத்தின் சில ஜன்னல்களுக்கு 2011-லும் 2015-லும் புதிய வண்ணக் கண்ணாடிகள் வந்தன. வடிவமைத்தவர் இமி க்னோபெல், ஜெர்மன் ஓவியர்!

கோவென்ட்ரியில் இன்றும் வெள்ளிக்கிழமை நண்பகலில், கூரையில்லாத அந்தச் சுவர்களுக்குள் கூடி மன்னிப்புப் பிரார்த்தனை சொல்கிறார்கள். யார் வேண்டுமானாலும் நின்று கேட்கலாம்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு விளக்கை அணைத்துவிட்டு ‘ஃபீட்ரா’வைப் போட்டுப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் புரியாமல் போகலாம். பொறுமையாக இருங்கள். 17 நிமிட இசை அடங்கி முடியும் இடத்தில், எங்கோ தூரத்தில் குழந்தைகள் விளையாடும் சத்தம்போல ஒன்று கேட்கும். அவர்கள் எந்த நாட்டுக் குழந்தைகள் என்று தெரியாது.